பேய்க்கு ஊரும் பேரும்



திரிகூட மலையின் அடிவாரத்தில், ராசப்பக் கவிராயரின் குறவஞ்சி பிறந்த மண்ணில், சீன தேசத்துப் பேய்க் கதைகளைப் பற்றி ஒரு சொற்பொழிவா என்று, அழைப்பிதழைக் கண்ட நண்பர் ஒருவர் மெய்யான மனவருத்தத்தோடு என்னைக் கேட்டார். அவருக்கு அன்று சொல்ல இயலாமற்போன விடையைத்தான் இன்று உங்கள் முன்னிலையில் விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் வாழ்ந்து, 1954-இல் மறைந்த ஊர் இது. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் இல்லத்துத் தொட்டிக்கட்டில் கூடியதனால் வட்டத்தொட்டி என்று பெயர் பெற்ற அந்த ரசிகர் கூட்டம், அவர் குற்றாலத்துக்கு வந்து குடியேறியபோது அவரோடு கூடவே வந்தது. ராஜாஜியும் கல்கியும் பாஸ்கரத் தொண்டைமானும் நீதிபதி மகராஜனும் அந்தக் கூட்டத்தின் சுவையை அறிந்தவர்கள். ஒரே செய்யுளைத் திரும்பத் திரும்ப வாய்விட்டுச் சொல்லி, சொல்லும்போதே அதன் உயிர்த்தானம் எங்கே இருக்கிறதென்று எல்லோருமாகத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் அவர்கள் முறை. தனித்திருந்து படிப்பவனுக்குப் புஸ்தகம் அகப்படும். கூடியிருந்து படிப்பவர்களுக்குப் புஸ்தகத்தோடு ஒருவருக்கொருவரும் அகப்படுவார்கள் என்பதை அந்தக் கூட்டம் இந்த ஜில்லாவுக்குக் கற்பித்துப் போயிற்று. அந்தப் பெரியவர்களுக்கு முன் எங்களை வைத்துப் பேச எனக்குத் துணிவில்லை. ஆயினும், தென்காசியில் கோயிலை ஒட்டிய தெருவில் ஒரு பழைய வீட்டின் பட்டாசாலையில், சனிக்கிழமை இரவுதோறும் நாங்கள் ஆறு பேர் கூடிப் படிக்க ஆரம்பித்ததற்கு மூலகாரணம் அந்த வட்டத்தொட்டியின் ஞாபகமே என்பதைச் சொல்லாமலிருப்பது நன்றி மறந்ததாகும்.

இரண்டு வருஷம் கம்பனைப் படித்தோம். பிறகு எங்களில் ஒருவர், கல்லூரியில் ஆங்கிலம் போதித்து ஓய்வு பெற்றவர், ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்து, வரிக்கு வரி அப்போதைக்கப்போது தமிழாக்கிச் சொல்லத் தொடங்கினார். அவர் முதலில் சொன்ன கதை இது.

நான்யாங் என்னும் ஊரைச் சேர்ந்த ஸோங் திங்போ என்ற வாலிபன் இரவில் தனியே நடந்துபோகையில் ஒரு பேயைச் சந்திக்கிறான். "நீ யார்?" என்று கேட்கிறான். "நான் பேய், நீ யார்?" என்கிறது அது. "நானும் பேய்தான்" என்கிறான் இவன், நெஞ்சு திடுக்கிட்டாலும் நாக்குக் குழறாமல். இருவரும் ஒரே சந்தைக்குப் போகிறவர்கள். நடை சலித்துப்போக, ஒருவரையொருவர் முறை வைத்துச் சுமந்து செல்லலாம் என்று பேய் யோசனை சொல்கிறது. முதலில் இவனைத் தூக்கிய பேய், "இவ்வளவு பாரமாக இருக்கிறாயே, நீ பேய்தானா?" என்று சந்தேகிக்க, "செத்துச் சில நாள்தான் ஆகிறது, அதனால்தான் இந்தக் கனம்" என்று சமாதானம் சொல்கிறான். இவன் தோளில் பேய் ஏறியபோதோ பாரமே தெரியவில்லை. வழியில் ஓர் ஆறு. பேய் கடக்கும்போது சப்தமில்லை, இவன் கடக்கும்போது நீர் சளசளக்கிறது. அதற்கும் புதுச்சாவையே காரணமாகச் சொல்கிறான். பேச்சுவாக்கில், "பேயாகிய நாம் எதற்கு அஞ்சவேண்டும்?" என்று கேட்க, "மனிதன் எச்சிலுக்கு" என்கிறது அந்த வெகுளிப் பேய். சந்தையை நெருங்கியதும் திங்போ அதை இறுகப் பிடித்துக்கொள்கிறான். கீழே இறக்கியதும் அது ஆடாக உருமாறுகிறது. மறுபடி மாறிவிடாதபடி அதன்மேல் துப்பிவிட்டு, 1,500 காசுக்கு அந்த ஆட்டை விற்றுப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுகிறான்.

இதைக் கேட்டு நாங்கள் சிரித்த சிரிப்பு அடங்குமுன், எனக்கு என் தாயாரின் நினைவு வந்துவிட்டது. வெளியூர் போய்வந்த பிள்ளையை வாசற்படியில் நிறுத்தி, உப்பையும் மிளகாய் வற்றலையும் தெருமண்ணையும் கைக்குள் பொத்தித் தலையைச் சுற்றி, "மூணு தரம் துப்புலே" என்று சொல்லி அடுப்பில் போடும் அந்தக் கைக்கும், நான்யாங் சந்தையில் துப்பிய அந்த வாலிபனுக்கும் இடையே இருக்கிற தூரம் எத்தனையோ ஆயிரம் மைல். காலமோ பதினாறு நூற்றாண்டு. ஆனாலும் எச்சிலின் சக்தியில் இருவருக்கும் ஒரே நம்பிக்கை.

இக்கதை உள்ள நூலைத் தொகுத்தவர் கான் பாவ் என்பவர். 4-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜின் அரச சபையில் சரித்திராசிரியராக இருந்தவர். அந்த வம்சத்தின் வரலாற்றை எழுதிய அதே எழுதுகோலால் பேய்களின் வரலாற்றையும் எழுதினார். அவர் அதில் இறங்கியதற்கு ஒரு காரணம் சொல்லப்படுகிறது. அவருடைய தந்தையார் இறந்தபோது, பொறாமை கொண்ட தாயார், தந்தைக்கு உகந்தவளாயிருந்த பணிப்பெண்ணை உயிரோடு கல்லறைக்குள் தள்ளி மூடிவிட்டாராம்; பல வருஷங்களுக்குப்பின் தாயாரை அடக்கம் செய்வதற்காகக் கல்லறையைத் திறந்தபோது அவள் உயிரோடு இருந்தாளாம். நம்புவதும் நம்பாததும் நம்முடைய இஷ்டம். நான் கவனிக்க விரும்புவது, சீனர்கள் இவ்வகை இலக்கியத்துக்கு இட்ட பெயரை. ஜிகுவாய் என்பார்கள், விசித்திரமானவற்றைப் பதிவு செய்தல் என்பது பொருள். புனைதல் அன்று, பதிவு செய்தல். இன்னாருக்கு, இந்த ஊரில், இந்த அரசர் ஆட்சியில் இது நேர்ந்தது என்று, கிராமக் கணக்கர் அடங்கலில் எழுதுவது போல எழுதிவைப்பார்கள். அற்புதங்களையும் ஆவிகளையும் பற்றிக் கன்பூசியஸ் பேசுவதில்லை என்று அவருடைய சீடர்கள் குறித்திருக்க, 18-ஆம் நூற்றாண்டில் யுவான் மெய் என்ற கவிஞர், குரு பேசாதவை என்ற அந்த வாசகத்தையே தம் பேய்க் கதைத் தொகுதிக்குத் தலைப்பாக்கினார். குரு பேசாமல் விட்டதைச் சீடர்கள் இரண்டாயிரம் வருஷமாகப் பேசித் தீர்க்கவில்லை.

இந்தப் பதிவு செய்யும் பழக்கம் எவ்வளவு ஆழமானதென்பதை, நம் நாட்டிலிருந்து சென்ற ஒரு கதையைக் கொண்டே காட்டலாம். குளத்தில் நீராடிய பிராமணன் ஒருவன் தன் வாயிலிருந்து ஒரு குடத்தை உமிழ்கிறான். குடத்துக்குள்ளிருந்து ஒரு பெண் வருகிறாள். அவன் உறங்கியதும் அவள் தன் வாயிலிருந்து வேறொரு குடத்தை உமிழ, அதிலிருந்து ஓர் ஆடவன் வருகிறான். பௌத்தர்களின் உவமைக் கதைகளுள் ஒன்றான இதை 3-ஆம் நூற்றாண்டில் சீன மொழிக்குக் கொண்டுபோனவர் காங் ஸெங்ஹுய் என்ற பிக்ஷு; மத்திய ஆசியாவைப் பூர்விகமாகக் கொண்டு, தலைமுறைகளாக இந்தியாவில் தங்கியிருந்த வணிகக் குடும்பத்தில் வந்தவர் அவர். சுமார் இருநூற்றைம்பது வருஷம் கழித்து வூ ஜுன் என்ற எழுத்தாளர் கையில் அந்தக் கதை என்னவாயிற்று தெரியுமா? பிராமணன் யாங்ஷியான் மலைப்பாதையில் கால் நோகிறதென்று உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவனாகிவிட்டான். ஷூ யான் என்பவன் சுமந்துவந்த வாத்துக் கூண்டுக்குள் அந்த மாணவன் ஏறி உட்கார, கூண்டும் பெரிதாகவில்லை, மாணவனும் சிறிதாகவில்லை, வாத்துகளும் கலையவில்லை. பிறகு மரநிழலில் வாயிலிருந்து விருந்து, பிறகு பெண், பெண்ணிலிருந்து ஆண் என்று எல்லாம் வந்து, வந்த வரிசைக்கு நேர்மாறாகத் திரும்ப விழுங்கப்படுகின்றன. போகும்போது மாணவன் ஒரு செப்புத் தாம்பாளத்தைப் பரிசாகத் தருகிறான். அந்தத் தாம்பாளம் பிற்காலத்தில் யாரிடம் போய்ச் சேர்ந்தது, அவர் என்ன உத்தியோகத்தில் இருந்தார், அதில் எந்த அரசரின் எத்தனையாவது ஆட்சியாண்டு பொறித்திருந்தது என்பது வரை வூ ஜுன் எழுதிவைத்திருக்கிறார். இந்தியாவில் பேரும் ஊரும் இல்லாமல் "ஒரு பிராமணன்" என்று புறப்பட்ட கதை, சீனாவில் பத்திரப்பதிவு ஆனது போல ஆகிவிட்டது! இந்த உறவை எடுத்துக்காட்டியவர் நவீனச் சீன இலக்கியத்தின் பெருமகனாகிய லூ சுன்; 1920-களில் அவர் எழுதிய சீனப் புனைகதை வரலாற்றில் இது இருக்கிறது.

எங்கள் கூட்டத்தில் அதிக நாள் ஆட்சி செய்தவர் பூ ஸோங்லிங். 1640-இல் பிறந்தவர். பதினெட்டாம் வயதில் முதற்படிப் பரீக்ஷைகளில் முதல்வராகத் தேறியவர், அதற்கு மேற்படியில் வாழ்நாள் முழுவதும் தேறாமல், ஷாண்டோங் மாகாணத்தில் ஒரு செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியே சுமார் முப்பது வருஷம் காலங்கழித்தவர். கேட்ட கதைகளையெல்லாம் எழுதி எழுதிச் சேர்த்துவைத்தார். ஏறக்குறைய ஐந்நூறு கதைகள். 1715-இல் அவர் கண்மூடினார்; நூல் அச்சேறியது 1766-இல். தம் புஸ்தகத்தின் அச்சு மணத்தை அவர் அறியவில்லை. அவர் கதையொன்றில், பரீக்ஷைக் கட்டுரைகளை எரித்துச் சாம்பலை மோந்தே தரம் சொல்லும் குருட்டுத் துறவி ஒருவர் வருகிறார். அவர் நல்லதென்று சொன்ன கட்டுரை தோற்று, நாற்றமென்று சொன்ன கட்டுரை தேறிவிடுகிறது. எனக்குக் கண்தான் குருடு, பரீக்ஷகர்களுக்கு மூக்கும் குருடு என்கிறார் துறவி. ஐம்பது வருஷம் பரீக்ஷை மண்டபத்துக்கு நடந்த ஒருவர் எழுதியது இது என்று நினைத்துப் படிக்கும்போது, அதில் பேய் எங்கே இருக்கிறது, மனிதன் எங்கே இருக்கிறான் என்று பிரிக்க என்னால் முடியவில்லை.

கதை முடிந்தபின், "விசித்திரங்களின் சரித்திரக்காரன் கூறுகிறான்" என்று தொடங்கித் தம் கருத்தைச் சொல்வது அவருடைய வழக்கம். சீனத்தின் ஆதி சரித்திராசிரியரான ஸிமா சியான் கையாண்ட முறை அது. தோற்றுப்போன ஒரு கிராமத்து வாத்தியார் தம்மைச் சரித்திராசிரியர் வரிசையில் வைத்துக்கொள்ளும் அந்தத் தைரியம் எனக்கு மிகவும் பிடித்தது.

இனி, ஒரு சனிக்கிழமை இரவு நடந்ததைச் சொல்கிறேன். அன்று படித்தது வர்ணம் தீட்டிய தோல் என்ற கதை. தையுவான் ஊர் வாங் என்பவன், விடியற்காலையில் தனியே நடந்துபோகும் ஓர் அழகியைக் கண்டு மயங்கித் தன் வாசகசாலையில் ஒளித்துவைக்கிறான். ஒருநாள் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறான். பச்சை முகமும் ரம்பப் பல்லும் கொண்ட ஒரு பேய், மனிதத் தோலொன்றைக் கட்டிலில் விரித்துப்போட்டு, தூரிகையால் அதற்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறது. தீட்டி முடிந்ததும், துணியை உதறுவது போல உதறி மேலே போர்த்துக்கொள்ள, மறுபடியும் அழகி! தாவோ மதத் துறவி ஒருவர் கொடுத்த காப்பையும் கிழித்தெறிந்துவிட்டு, அது வாங்கின் இருதயத்தைப் பறித்துக்கொண்டு போகிறது. துறவி அதை வெட்டி வீழ்த்த, அது புகையாகிறது. புகையைச் சுரைக்குடுக்கையில் அடைத்து, தோலை ஓவியத்தைச் சுருட்டுவது போலச் சுருட்டிக்கொண்டு அவர் போய்விடுகிறார். செத்த புருஷனை எழுப்ப வழி கேட்டு, வாங்கின் மனைவி சந்தையில் சேற்றில் கிடக்கும் ஒரு பைத்தியக்காரனிடம் போய் மண்டியிடுகிறாள். அவன் ஊர் பார்க்க அவளை அடித்து, கைநிறையச் சளியைக் காறித் துப்பி, அதை விழுங்கச் சொல்கிறான். விழுங்குகிறாள். வீட்டுக்கு வந்து பிணத்தைக் கட்டிக்கொண்டு அழுகையில், தொண்டையில் அடைத்திருந்தது வெளியே வந்து புருஷனின் திறந்த மார்புக்குள் விழுகிறது. அது துடிக்கிற ஓர் இருதயம்.

நண்பர் நிறுத்தினார். ஒருவரும் பேசவில்லை. உள்ளறை வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த வீட்டு ஆச்சி, எண்பத்தாறு வயது, உலக்கையை நிறுத்திவிட்டு, "இது நம்ம நீலி கதைல்லா! அந்தச் சீனாக்காரனுக்கு யாரு போயிச் சொன்னா?" என்றாள்.

ஆச்சி சொன்னது எனக்கு அன்றிரவு முழுவதும் தூக்கத்தைக் கெடுத்தது. பழையனூர் நீலியை நீங்கள் அறிவீர்கள். முற்பிறவியில் தன்னைக் கொன்றவனைத் தேடி, கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் மனைவியாக வேஷம் பூண்டு வந்து, வேளாளர் சபையில் கண்ணீர் விட்டு வழக்காடுகிறாள். அவன் பேயென்று அலறுகிறான். சபையார் கண்ணீரை நம்பி, அவன் உயிருக்குத் தங்கள் உயிரைப் பிணை வைத்து, அவனை அவளோடு அனுப்புகிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது வேளாளரும் சொன்ன சொல்லுக்காகத் தீப்புகுகிறார்கள். நம்முடைய தென்பாண்டி நாட்டிலும் நாஞ்சில் நாட்டிலும் இதே நீலிதான் இசக்கியாகிறாள். முப்பந்தலில் அம்மனாக வீற்றிருக்கிறாள். கொடைக்குக் கொடை வில்லில் எழுந்து ஆடுகிறாள்.

ஆச்சி சொன்னபடி இரண்டும் ஒரே கதைதான். ஆனால் முடிவைப் பாருங்கள். சீனத்துப் பேய் குடுக்கைக்குள் புகையாக முடிந்தது. நம்முடைய பேய் கோயிலுக்குள் தெய்வமாக அமர்ந்தது. ஏன்? நம்முடைய பேய் வழக்காளி. அநியாயமாகச் செத்தவள், அவளுக்கு ஒரு கக்ஷி இருக்கிறது, சபையேறி வழக்குரைக்கும் உரிமையை நம் முன்னோர் செத்தவளுக்கும் மறுக்கவில்லை. தீர்ப்பு வழங்க முடியாத கடனைப் படையலிட்டுத் தீர்த்தார்கள். சீனத்திலும் வழக்குரைக்க வரும் ஆவிகள் உண்டு. ஆனால் பூ ஸோங்லிங்கின் ஆவிகளிலும் நரிப்பெண்களிலும் பெரும்பாலோர் விருந்தாளிகள். தனியாக விளக்கடியில் படித்துக்கொண்டிருக்கும் ஏழை வாத்தியாரைத் தேடி நடுநிசியில் வந்து, மதுவருந்தி, கவிதை பேசி, சில சமயம் குடும்பமும் நடத்திவிட்டு, விடைபெற்றுக்கொள்கிறவர்கள். விருந்தாளியைப் பற்றிக் குறிப்பெழுதி வைப்பது இயல்பு; தெய்வத்துக்கோ குறிப்பு எதற்கு, கொடை போதுமே என்று நாம் இருந்துவிட்டோம்.

இங்கே ஓர் எதிர்வாதத்துக்கு இடமுண்டு. நம்மவரும் எழுதவில்லையா? ஜெயங்கொண்டார் பேய்களுக்குக் கூழட்டு விருந்து வைத்தார்; மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்தில் பேய் கண்டு அஞ்சி உயிர்விட்ட சார்ங்கலன் இருக்கிறான்; புதுமைப்பித்தன் 'காஞ்சனை'யை எழுதினார்; நா. வானமாமலை கதைப்பாடல்களைத் தேடித் தொகுத்தார், கி. ராஜநாராயணன் கரிசல் நாட்டு வாய்மொழிக் கதைகளை அள்ளிச் சேர்த்தார். இவர்களுக்கெல்லாம் தமிழ் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் நான் கேட்பது கவிதையும் சிறுகதையும் அன்று, அந்த அடங்கல் கணக்கு. இந்த மருதமரத்தடியில், இன்ன வருஷம், இன்னாருக்கு நேர்ந்தது என்ற கணக்கு.

அப்படி ஒரு கணக்கு நம் மலைக்கே உண்டு, எழுதினவர் சீனர். 646-இல் முற்றுப்பெற்ற தம் யாத்திரை நூலில் யுவான் சுவாங், காஞ்சியில் இருந்தபோது கேட்டறிந்த தென்னாட்டுச் செய்திகளை எழுதுகிறார். மலய மலையில் சந்தன மரமும் அதைப் போன்ற வேறு மரமும் கலந்து நிற்குமாம். கோடையில் மேட்டிலேறி நோக்கினால், குளிர்ச்சியை நாடிப் பாம்புகள் சுற்றிக்கிடக்கும் மரமே உண்மைச் சந்தனம் என்று தெரியுமாம். அதில் அம்பெய்து அடையாளம் வைத்து, பாம்புகள் பொந்தில் அடங்கும் பனிக்காலத்தில் வெட்டுவார்களாம். அதற்குக் கிழக்கே போதலகம் என்ற மலை, வழி கரடு, உச்சியில் கண்ணாடி போன்ற ஒரு பொய்கை, அதிலிருந்து புறப்படும் ஆறு மலையை இருபது முறை சுற்றித் தென்கடலில் விழுகிறது, பொய்கைக் கரையில் போதிசத்துவராகிய அவலோகிதேசுவரர் வந்து தங்கும் கல் மாளிகை. உயிரை வெறுத்து ஏறுகிறவர்களில் சென்று சேர்கிறவர் மிகச் சிலர். அடிவாரத்து மக்கள் மனமுருகி வேண்டினால், அவர் சில சமயம் ஈசுவர வடிவிலும் சில சமயம் நீறு பூசிய பாசுபதர் வடிவிலும் தோன்றி வரந்தருவார்.

இந்தப் போதலகம் நம் பொதிகையே என்று ஷூ ஹிகோசாகா என்ற ஜப்பானிய அறிஞர் வாதித்தார். எல்லோரும் உடன்படவில்லை, நான் அவர் கக்ஷி. அகத்தியர் அவலோகிதனிடம் தமிழ் கேட்டதாக வீரசோழியம் சொல்வதையும், நீறு பூசிய வடிவில் போதிசத்துவர் வருகிறார் என்ற அந்த ஒரு குறிப்பையும் சேர்த்துப் பார்க்கும்போது, நம் அடிவாரத்து மக்களில் யாரோ ஒருவர் வாயிலிருந்துதான் அந்தச் செய்தி காஞ்சிக்குப் போயிருக்க வேண்டுமென்று என் நெஞ்சு சொல்கிறது. சீனர்கள் அந்த மலையைத் தங்கள் கீழ்க்கடலிலுள்ள ஒரு தீவுக்கே கொண்டுபோய், புட்டுவோ என்று பெயரிட்டு, அவலோகிதரைக் குவான்யின் தாயாக்கி இன்றளவும் வழிபடுகிறார்கள். நம் மலையடிவாரத்தில் ஒருவர் சொன்னதைப் பரதேசி ஒருவர் எழுதிவைத்ததனால் இத்தனையும் நின்றது.

ஆச்சியிடம் திரும்புகிறேன். அன்றிரவு அவள் இன்னொரு கதையும் சொன்னாள். அவளுடைய தாத்தாவிடம் வண்டியோட்டிய ஒருவர், குற்றாலத்தில் சுமையை இறக்கிவிட்டு நடுச்சாமத்தில் தென்காசிக்குத் திரும்புகையில், சாலையோரத்து மருதமரம் ஒன்றின் கீழ் மாடுகள் நின்றுவிட்டன. அடித்தும் அசையவில்லை. மரத்தடியிலிருந்து ஒரு பெண்குரல், "அண்ணாச்சி, கொஞ்சம் சுண்ணாம்பு குடுங்க" என்றது. கையால் கொடுத்திருந்தால் கையோடு போயிருப்பார். அவர் விவரமறிந்தவர், மடியிலிருந்த பாக்குவெட்டியின் இரும்பு நுனியில் சுண்ணாம்பைத் தடவி நீட்டினார். ஒரு சிரிப்புக் கேட்டது. மாடுகள் தாமாகவே நடந்தன. மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தார்.

அந்த வண்டிக்காரர் பெயரை ஆச்சி சொன்னாள். அவருடைய ஊரைச் சொன்னாள். எந்த மரம், மேலகரம் தாண்டி எத்தனையாவது வளைவு என்பதையும் சொன்னாள். நாங்கள் ஆறு பேரும் படித்தவர்கள், கேட்டு மகிழ்ந்தோம், மணி பத்தாகிவிட்டதென்று எழுந்து வீட்டுக்குப் போனோம். அடுத்த சாரலுக்கு ஆச்சி இல்லை. காரியம் முடிந்த பிறகு ஒருநாள் எங்கள் குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினேன். அந்தச் சனிக்கிழமைப் பக்கத்தில் என் கையெழுத்தில், பூ ஸோங்லிங் 1640 என்று இருந்தது; வாங், தையுவான் என்று இருந்தது. வண்டிக்காரர் பெயர் இல்லை. மற்ற ஐந்து பேரையும் கேட்டேன், ஒருவருக்கும் ஞாபகமில்லை.

சபையோர்களே, இன்றிரவு வீட்டுக்குப் போனதும், உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ எண்பது கடந்தவர் ஒருவர் விழித்திருந்தால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கதை கேளுங்கள். நம்புகிறீர்களா என்று அவர் உங்களைக் கேட்கமாட்டார். சொன்னவர் பெயர், நடந்த இடம், ஏறக்குறைய எந்த வருஷம் என்ற மூன்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். சனிக்கிழமைகளில் எங்கள் பட்டாசாலை திறந்திருக்கும். கொண்டுவந்து படித்துக் காட்டுங்கள்.